பறவைகளைப் படித்த பேரறிஞர் சலீம் அலி



நாம் வாழும் கேமரன் மலை இயற்கை வளம் நிறைந்தது. விடியற்காலையில் பெற்றோர் பெரட்டுக்குப் புறப்படும் வேளையிலேயே பறவைகளின் ஒலி நம்மைத் துயில் எழுப்பிவிடுகின்றது. பள்ளிக்கு வரும் வழியில், வேலியோரப் பூக்களில் தேன்சிட்டு தொங்கிக்கொண்டு தேன் அருந்துகின்றது. கொழுந்து கொய்யாமல் விட்ட தேயிலைச் செடி வெண்மலர் பூத்தால், அதனைச் சுற்றித் தேனீக்கள் முரலுகின்றன. மழை விட்டதும் வண்ணத்துப்பூச்சிகள் ஈரமண்ணில் வந்து அமர்கின்றன. இவற்றை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், கண்டவற்றுள் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? அவை எங்கே கூடு கட்டுகின்றன, எதை உண்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஏதோ ஒரு குருவி, ஏதோ ஒரு பூச்சி என்று கூறிக் கடந்து செல்வதே பலருடைய வழக்கமாகிவிட்டது.

அவ்வாறு கடந்து செல்ல மனமில்லாத சிறுவன் ஒருவன் பம்பாய் மாநகரில் இருந்தான். தன் கையில் கிடந்த ஒரு சின்னஞ்சிறு குருவியைக் காட்டி, இஃது என்ன குருவி என்று அவன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிச் சென்றதனால், பிற்காலத்தில் உலகம் போற்றும் பறவையியல் அறிஞனாக உயர்ந்தான். அவரே சலீம் அலி. பள்ளிப் பாடங்களில் தடுமாறியவர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர், கிடைத்த வேலையையும் இழந்து நின்றவர் எவ்வாறு அந்த உயர்நிலையை எய்தினார் என்பதை மாணவர்கள் மட்டுமன்றிப் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், இன்று மும்பை என்று வழங்கும் பம்பாயில் பிறந்தார். பல பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. ஆனால், பெற்றோரின் அன்பில் திளைக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜியும் அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் அவரைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளை அவர்கள் தம் பிள்ளைகளாகவே போற்றினர்.

அக்காலத்தில் வசதி படைத்த இல்லத்துச் சிறுவர்களுக்கு வேட்டை ஒரு வீர விளையாட்டாகக் கருதப்பட்டது. சிறுவன் சலீமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. நம் தோட்டத்துச் சிறுவர்கள் லாஸ்திக்கைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நிற்பது போல, அவனும் துப்பாக்கியுடன் சிட்டுக்குருவிகளைத் தேடி அலைந்தான். இதனை மறைக்க வேண்டியதில்லை. பறவைகளின் பெருந்தோழராக விளங்கியவர், முதலில் பறவைகளைச் சுட்டு வீழ்த்திய சிறுவனாகத்தான் இருந்தார்.

எனினும், அச்சிறுவனிடம் மற்றவர்களிடம் இல்லாத ஓர் இயல்பு காணப்பட்டது. அவன் கண்டதைக் கருத்தூன்றிக் கண்டான்; கண்டதை எழுதியும் வைத்தான். ஒரு பொந்தில் பெண் சிட்டுக்குருவி முட்டைகளின்மேல் அமர்ந்திருக்க, ஆண் குருவி வெளியில் காவலிருந்தது. அந்த ஆண் குருவியை அவன் சுட்டான். சிறிது நேரத்திற்குள் வேறோர் ஆண் குருவி வந்து அதே இடத்தில் காவலுக்கு அமர்ந்தது. அதனையும் சுட்டான், மீண்டும் ஒன்று வந்தது. ஏழு நாள்களில் எட்டு ஆண் குருவிகள் இவ்வாறு வந்ததைப் பத்து வயதளவில் அவன் குறித்து வைத்தான். கொடிய செயல்தான், ஆயினும் அக்குறிப்பு பொய் கலவாதது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பறவை ஆர்வலர்களுக்கான ஓர் இதழில் அது வெளியிடப்பட்டது. ஒரு சிறுவன் எழுதிய சில வரிகள் அறிஞர்களுக்கும் பயன்பட்டன என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

ஒருநாள் சலீம் சுட்ட குருவிகளுள் ஒன்று மற்றவை போல் இல்லை. உருவில் சிட்டுக்குருவியை ஒத்திருந்தது. ஆனால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. சிறுவன் அதனை மாமாவிடம் எடுத்துச் சென்று காட்டினான்.

இந்த இடத்தில்தான், பெற்றோர்களே, நீங்கள் சற்று நின்று எண்ண வேண்டும். மாமாவுக்கும் அக்குருவியின் பெயர் தெரியவில்லை. வேலை நேரத்தில் வந்து தொல்லை செய்யாதே என்று அவர் கடிந்துகொண்டிருக்கலாம். குருவிகளில் எல்லாம் ஒன்றுதான் என்று கூறி அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அறிந்தவர் எங்கே இருக்கின்றாரோ அங்கே சென்று கேள் என்று கூறி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

1883ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்கழகத்தின் வாயிலை அச்சிறுவன் அச்சத்துடன் மிதித்தான். ஆங்கிலேயர் ஆட்சி செய்த காலம் அது. ஆயினும் மில்லார்டு அவனை அன்புடன் வரவேற்றார். அக்குருவி மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பதைத் தெரிவித்தார். அத்துடன் நில்லாமல், கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளின் பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இத்தனை வகைப் பறவைகளா என்று சிறுவன் வியந்து நின்றான். பறவைகளைப் பற்றிய நூல்களை அவர் படிக்கக் கொடுத்தார். பறவைகளைப் பாடம் செய்து பாதுகாக்கும் முறையையும், எங்கே, எந்நாளில் கிடைத்தது என்று முறையாகக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் சலீம் அங்கேயே கற்றுக்கொள்ளலானான்.

மாமா எழுதிய ஒரு கடிதமும், மில்லார்டு ஒதுக்கிய சிறிது நேரமும் ஓர் அறிஞரை உலகிற்குத் தந்தன. தம் எண்பத்தெட்டாம் வயதையொட்டி, 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படும் பெயரையே சலீம் அலி சூட்டினார். முதுமையிலும் அந்தக் குருவியை அவர் மறக்கவில்லை.

தடுமாறிய பள்ளிப் படிப்பு

பறவைகளிடம் கொண்ட ஆர்வத்தைப் பார்த்து, சலீம் பள்ளியிலும் முதல் மாணவனாக விளங்கியிருப்பான் என்று நீங்கள் கருதக்கூடும். உண்மை அதுவன்று. பதின்மூன்று வயதளவில் அவனைத் தீராத தலைவலி பற்றிக்கொண்டது. அடிக்கடி பள்ளிக்குச் செல்ல இயலாது போயிற்று. வறண்ட காற்று உடலுக்கு நல்லது என்று கருதி, சிந்து மாநிலத்தில் இருந்த உறவினர் இல்லத்திற்கு அனுப்பி வைத்தனர். இவ்வாறு விட்டு விட்டுப் படித்து, 1913ஆம் ஆண்டு மெட்ரிக்குலேசன் தேர்வில் அரிதின் முயன்று தேறினார். கல்லூரியில் சேர்ந்தபின்னும் படிப்பு நிலைக்கவில்லை. இடையிலேயே நின்றுவிட்டது.

பின்னர் அவர் இன்றைய மியன்மாராகிய பர்மாவில் தவோய் என்னும் பகுதிக்குச் சென்றார். அங்கே அவர் குடும்பத்தாருக்கு உலோகச் சுரங்கமும் மர வணிகமும் இருந்தன. தவோய் எங்கே இருக்கின்றது தெரியுமா? நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். நாம் வாழும் மலாயாத் தீபகற்பத்தின் வழியே வடக்கு நோக்கி விரலை நகர்த்திச் சென்றால், அந்தமான் கடலோரமாக அவ்வூர் வரும். நம் காடுகளைப் போன்றே அடர்ந்த காடுகள் அங்கே சூழ்ந்திருந்தன. வணிகம் செய்யச் சென்ற இளைஞரின் உள்ளம் கணக்கேட்டைவிடக் காட்டையே நாடியது. வனத்துறையில் பணியாற்றிய அறிஞர்கள் சிலருடைய நட்பும் கிடைத்தது. அவருக்கு அந்தக் காடே கல்லூரியாயிற்று.

1917ஆம் ஆண்டு பம்பாய்க்குத் திரும்பிய சலீம் அலி மீண்டும் படிக்க முனைந்தார். குடும்பத் தொழிலுக்காக வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்றார். அவருடைய உள்ளம் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்த பிளாட்டர் என்னும் பாதிரியார், தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியல் வகுப்புக்கும் வருமாறு தூண்டினார். காலையில் ஒரு கல்லூரி, பின்னர் மற்றொரு கல்லூரி என்று இரண்டையும் அவர் முடித்தார். 1918ஆம் ஆண்டு டிசம்பரில் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். கணவரின் பறவை ஆர்வத்தைத் தம் ஆர்வமாகவே ஏற்றுக்கொண்ட பெருந்தகை அவர்.

வேலை கிடைத்தது, வேலை போனது

இந்திய அரசின் விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியல் வல்லுநர் பணி ஒன்று இருந்தது. அதற்குச் சலீம் அலி முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அப்பணி கிட்டவில்லை. 1926ஆம் ஆண்டு, பம்பாய் அரும்பொருளகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளர்க்கும் மாணவர்க்கும் விளக்கிக் கூறும் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார்.

தாம் கற்றது போதாது என்னும் எண்ணம் அவரை விடவில்லை. 1928ஆம் ஆண்டு விடுப்புப் பெற்று செருமனிக்குச் சென்றார். பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்திரெசமன் என்பவரிடம் மாணவராக அமர்ந்தார். பறவையைக் கையில் வைத்து ஆராய்வது மட்டும் போதாது, உயிருடன் அது வாழும் இடத்தில் அதன் வாழ்க்கையை ஆராய வேண்டும் என்னும் புதிய நோக்கு அங்கே வலுப்பெற்றிருந்தது. பறவையின் காலில் வளையம் பூட்டிப் பறக்கவிட்டு, அது செல்லும் தொலைவை அறியும் முறையையும் ஹெலிகோலாந்து என்னும் தீவில் கண்டறிந்தார்.

1930ஆம் ஆண்டு நிறைந்த அறிவுடன் தாயகம் திரும்பினார். ஆனால், பணமில்லை என்று கூறி அவருடைய வேலையையே எடுத்துவிட்டிருந்தனர். மனைவியுடன் வாழ வேண்டிய முப்பத்து மூன்று வயது இளைஞர், கையில் வேலையின்றி நின்றார். வேலை இழத்தல் எத்துணைத் துன்பம் தரும் என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தூக்கணாங்குருவி கற்பித்த பாடம்

பம்பாய்க்கு அண்மையில் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூர் உள்ளது. செலவு குறைவு என்பதால் சலீம் அலியும் தெஹ்மினாவும் அங்கே குடியேறினர். அவ்வூரில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற அந்நாள்களை அவர் வீணாக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் அக்குருவிகளை நாள்தோறும் பொறுமையுடன் நோக்கி, ஒவ்வொரு கூட்டின் வரலாற்றையும் தனித்தனியே குறித்து வந்தார்.

அவர் கண்டறிந்தது வியப்பிற்குரியது. கூடு கட்டுவது ஆண் குருவி. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து, கூட்டைப் பாதியளவு கட்டி முடித்ததும், அதன்மேல் தொங்கிச் சிறகடித்துப் பாடும். பெண் குருவிகள் வந்து அந்தப் பாதிக் கூட்டுக்குள் நுழைந்து சோதித்துப் பார்க்கும். வேலைப்பாடு பிடிக்கவில்லையெனில் பறந்துவிடும். பிடித்திருந்தால் தங்கிவிடும். அதன் பின்னரே ஆண் குருவி குழாய் போன்ற நுழைவாயிலுடன் கூட்டை நிறைவு செய்யும். பெண் குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி வேறொரு பெண் குருவியை அழைக்கும். ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டுகொண்டிருந்த பறவைதான். ஆயினும், அதன் குடும்ப வாழ்க்கையை இவ்வளவு தெளிவாக ஆராய்ந்து எழுதியவர் சலீம் அலி. அறிவுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண்ணை அப்பி, அதில் மின்மினிப்பூச்சியைப் பதித்து விளக்கேற்றுகின்றது என்று நம் பாட்டிமார் கதை கூறுவதுண்டு. கூட்டின் உட்புறத்தில் களிமண் இருப்பது உண்மை. காற்றில் கூடு மிகுதியாக ஆடாமல் இருப்பதற்காக அம்மண் இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். மின்மினி விளக்கு என்பது கேட்பதற்கு இனிய கற்பனை. கதையைக் கேட்டு மகிழ்வோம். உண்மையை அறியக் கூட்டருகே சென்று பார்ப்போம்.

பூவும் புள்ளும்

அதன் பின்னர்ச் சலீம் அலி தமிழகத்தின் நீலகிரி மலைக்கு வந்து, கோத்தகிரியில் சில மாதங்கள் தங்கினார். அனந்தன் என்னும் ஓய்வுபெற்ற படை மருத்துவர் அவரை அழைத்திருந்தார். கோத்தகிரியும் நம் ஊரைப் போலவே குளிர்ந்த மலையூர்; தேயிலை விளையும் ஊர். அக்காலத்தில் ஆறு, மலை, காடு என்று அலைந்து பறவைகளைக் கணக்கெடுக்கும் பெரும்பணியை அவர் மேற்கொண்டார். ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் முதலிய சமத்தானங்களில் அப்பணி நடைபெற்றது. செலவுக்கு மட்டும் பொருள் கொடுங்கள், உழைப்பை நான் தருகின்றேன் என்னும் முறையில் ஊதியம் கருதாது உழைத்தார். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்று கூடாரத்தில் தங்கினர். தெஹ்மினாவும் உடன் சென்று துணை நின்றார்.

பூக்களைத் தேடி வரும் பறவைகளைப் பற்றி 1932ஆம் ஆண்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மலருக்கு மலர் மகரந்தத்தைக் கொண்டு செல்வதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பறவைகளும் அப்பணியைச் செய்கின்றன. தேன்சிட்டு நீண்டு வளைந்த அலகைச் செம்மலருக்குள் நுழைத்துத் தேன் உறிஞ்சும்போது, அதன் நெற்றியில் மகரந்தப் பொடி ஒட்டிக்கொள்கின்றது. அடுத்த மலருக்குச் செல்லும்போது அப்பொடி அங்கே படிகின்றது. காயும் விதையும் உண்டாகின்றன. முள்முருங்கையும் இலவமும் பூக்கும் காலத்தில் அம்மரங்களில் பறவைகள் திரண்டு வருவதற்கு இதுவே காரணம். மரத்தின் உயிர் புல்லிலும் பூச்சியிலும் பறவையிலும் பின்னிக் கிடக்கின்றது என்பதைச் சலீம் அலியின் ஆய்வுகள் தெளிவாக்கின.

துயரும் தொண்டும்

1939ஆம் ஆண்டு பேரிடி ஒன்று விழுந்தது. சிறிய அறுவை மருத்துவம் ஒன்றினைத் தொடர்ந்து தெஹ்மினா மறைந்தார். இருபது ஆண்டுகள் காட்டிலும் மேட்டிலும் உடன் நடந்த துணை பிரிந்தது. சலீம் அலி உள்ளம் உடைந்தார். தமக்கையும் அவர் கணவரும் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று ஆதரித்தனர். பின்னர் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரைத் தொண்டினால் ஆற்றிக்கொண்டார்.

1941ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன், எளிய மக்களும் பறவைகளை அடையாளம் காணும் வண்ணம் அமைந்த நூல் அது. மாமாவிடம் குருவியைக் காட்டி நின்ற சிறுவனுக்கு அன்று கிடைக்காத நூலைப் பிற்காலச் சிறுவர்களுக்காக அவரே எழுதினார் எனலாம். அறிஞர் நேரு அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பி வைத்தார். அது பலமுறை பதிப்பிக்கப்பட்டது. இந்தியாவில் பறவை நோக்குதல் பரவியதற்கு அந்நூல் பெருங்காரணமாயிற்று.

பின்னர் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் தில்லன் ரிப்ளி என்பாருடன் இணைந்து, இந்தியா, பாகிஸ்தான் பறவைகளின் பெருங்கையேட்டை எழுதினார். 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக அது வெளிவந்தது. இறுதித் தொகுதி வெளிவந்த ஆண்டில் சலீம் அலிக்கு அகவை 77. ஓய்ந்திருக்கும் வயதிலும் அவர் ஓயவில்லை.

பறவைகளுக்கு வளையம் பூட்டும் பணியை 1959ஆம் ஆண்டு முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவருடைய தலைமையில் விரிவாக நடத்தியது. தமிழகத்தின் கோடிக்கரையிலும் அப்பணி நடைபெற்றது. நம் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, வேதாரணியத்தை அடுத்த கடற்கரை அது. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வரும் நீர்ப்பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. ஒரு சிறு வளையத்தின் துணையால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதை அறிய முடிந்தது.

காட்டைக் காத்தவர்

இராசத்தானில் பரத்பூர் என்னும் இடத்தில் பெரிய நீர்நிலை ஒன்று உண்டு. அஃது அரசர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938ஆம் ஆண்டு ஒரே நாளில் அங்கே 4,000க்கும் மேற்பட்ட பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவ்விடத்தைப் பறவைகளின் புகலிடமாக மாற்றக் குரல் கொடுத்தவர்களுள் சலீம் அலி முதன்மையானவர். இன்று அது தேசியப் பூங்கா. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணை நீரில் மூழ்கவிருந்தபோது, அக்காட்டைக் காக்குமாறு வேண்டிய அறிஞர்களுள் அவரும் ஒருவர். 1984ஆம் ஆண்டு அதுவும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காற்றுத் துப்பாக்கி ஏந்திய சிறுவன் எத்துணை தொலைவு நடந்து வந்துவிட்டான் பாருங்கள்!

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பதை அவர் பிற்காலத்திலும் செய்ததுண்டு. அன்றைய ஆய்வு முறை அவ்வாறு அமைந்திருந்தது. இன்று இருகண் நோக்கியும் நிழற்படக் கருவியும் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. நமக்கோ கண்ணும் காதும் குறிப்பேடும் போதும்.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. இந்திய அரசு 1958ஆம் ஆண்டு பத்ம பூசண் விருதும், 1976ஆம் ஆண்டு பத்ம விபூசண் விருதும் வழங்கியது. 1967ஆம் ஆண்டு பிரித்தானியப் பறவையியலாளர் சங்கம் பொற்பதக்கம் அளித்தது. 1985ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்ற மேலவையின் நியமன உறுப்பினரானார். பட்டமில்லை என்று ஒதுக்கப்பட்டவரைப் பல்கலைக்கழகங்கள் அழைத்து மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. பரிசாகக் கிடைத்த பெருந்தொகை ஒன்றினை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார்.

மற்றுமொரு செய்தி நமக்குச் சுவையளிக்கும். தமிழகத்தின் தேனிக்கு அருகே, இன்று தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற மேகமலை உள்ளது. 1948ஆம் ஆண்டு அங்கே ஒரு பழந்தின்னி வௌவால் பிடிக்கப்பட்டு, வேறொரு வகையின் பெயரால் கழகத்துப் பேழையில் வைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து, அஃது உலகம் அதுவரை அறியாத புதுவகை என்று கண்டறிந்தார். அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார். தேயிலை மலைகளில் இன்னும் பெயரறியா உயிர்கள் இருத்தல் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1987ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் சலீம் அலி மறைந்தார். 1990ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களே! சலீம் அலியின் வாழ்க்கையிலிருந்து மூன்று பழக்கங்களை நாம் கைக்கொள்ளலாம். முதலாவது, தெரியாததைக் கேட்பது. இரண்டாவது, பொறுமையுடன் நோக்குவது. மூன்றாவது, நோக்கியதை நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதி வைப்பது. இதற்குப் பணம் வேண்டியதில்லை. பழைய பயிற்சி ஏட்டில் மிஞ்சிய தாள்களே போதும். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து பாருங்கள். எந்தப் பூவுக்குத் தேனீ வருகின்றது, எந்தப் பூவுக்குத் தேன்சிட்டு வருகின்றது, மழை நாளில் யார் வருவதில்லை என்று எழுதுங்கள். தேன்கூட்டின் அருகே செல்ல வேண்டா. கூட்டில் உள்ள முட்டையைத் தொடவும் வேண்டா. தொலைவில் இருந்தே காண்க.

பூச்சிகள் எல்லாம் நமக்குப் பகை என்று எண்ணிவிடாதீர்கள். நம் கேமரன் மலையிலேயே அதற்குச் சான்று உண்டு. முட்டைக்கோசை அழிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்களை மருந்து தெளித்து ஒழிக்க முடியாமல் உழவர்கள் அல்லலுற்றனர். 1970களில் வெளிநாட்டிலிருந்து மிகச்சிறிய குளவி வகைகளைக் கொணர்ந்து இங்கே விட்டனர். அக்குளவி தன் முட்டையை அப்புழுவின் உடலுக்குள் இடும். குஞ்சு வெளிவந்து அப்புழுவையே உண்டு வளரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அக்குளவி, கோசுத் தோட்டங்களுக்குக் காவலாயிற்று. மருந்தை அளவின்றித் தெளித்தால் பகையோடு காவலும் மடியும். இலைகளுக்கிடையே புழுக்களைத் தேடித் தின்னும் சிறு பறவைகளும் அவ்வாறே நமக்குத் துணை. லாஸ்திக்கை எடுக்குமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே! நாள் முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமந்து களைத்து வரும் உங்களிடம் பிள்ளைகள் வந்து இஃது என்ன பூச்சி என்று கேட்கும்போது, எரிச்சல் எழுவது இயல்பே. ஆயினும் அவர்களை வைது அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் கூறுங்கள். தோட்டத்திலும் காட்டோரத்திலும் நெடுங்காலம் உழைத்த உங்களுக்கு, நூலில் இல்லாத பல செய்திகள் தெரியும். தெரியாவிட்டால், ஆசிரியரிடம் கேள் என்று பள்ளிக்கு அனுப்புங்கள். எங்களுக்கும் தெரியாதெனில் நூலகத்தில் தேடுவோம். அறிந்தவர்க்குக் கடிதம் எழுதுவோம். அமீருத்தீன் தியாப்ஜி செய்தது அவ்வளவே.

தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையும் நம் பள்ளியில் உண்டு. பாடநூலைப் படிக்க வேண்டா என்று நான் கூறவில்லை; சலீம் அலியும் பின்னர் முயன்று படித்தே உயர்ந்தார். ஆனால், அப்பிள்ளையின் கண் எதன்மேல் விருப்புடன் நிலைக்கின்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதுவே அவன் கற்கத் தொடங்கும் வாயிலாக இருக்கலாம்.

நம் தேயிலை மலையின் பறவைகளும் தேனீக்களும் பூச்சிகளும் பெயரோடும் வரலாற்றோடும் நம் மாணவர்களின் குறிப்பேடுகளில் இடம்பெறட்டும். அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்புகளுள் சிறந்தவற்றை வெளியிடுவோம். வாழ்க நம் மாணவர்! வளர்க அவர்தம் அறிவு!